ஷாக்கை மாற்றும் முன் டேப்பை எடுங்கள்

இந்தத் தடவை வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் முன் ஷாக் பற்றியவை. ஆச்சரியமில்லை. நம்ம மாவட்டத்துக்கு ஆனி ஆடியில் ஒரு மழை, ஐப்பசி கார்த்திகையில் இன்னொரு மழை, முதல் மழைக்குப் பிறகு போட்ட தார் இரண்டாவது மழையைத் தாங்கினால் அதுவே பெரிய காரியம். அதனால் பேட்டரி, செயின் கேள்விகளையும், அந்த கார்புரேட்டர் வாசகரின் நான்காவது கடிதத்தையும் அடுத்த இதழுக்குத் தள்ளிவிட்டு, இன்று முன் ஃபோர்க்கோடு, அதாவது முன் சக்கரத்தைப் பிடித்திருக்கும் அந்த இரண்டு ஷாக் கால்களோடு, நிறுத்திக்கொள்கிறேன்.

கேள்வி: அண்ணாச்சி, என்னிடம் 2022 மாடல் கிளாசிக் 350 இருக்கிறது. என் எடை 94 கிலோ, பின்னால் மனைவி உட்காருவாள். மார்த்தாண்டம் மேம்பாலத்திலிருந்து இறங்கும்போது பிரேக் பிடித்தால் வண்டி முன்னால் குனிந்து கும்பிடு போடுகிறது. ஸ்பிரிங்குக்கு மேல் ஒரு இஞ்ச் பைப் வெட்டிப் போட்டால் ஸ்பிரிங் ஹார்டு ஆகிவிடும் என்கிறார் ஒர்க்‌ஷாப்காரர். போடலாமா? (ஒரு வாசகர், குழித்துறை)

பதில்: பைப் போடலாமா வேண்டாமா என்பது அப்புறம். முதலில், பைப் போட்டால் ஸ்பிரிங் ஹார்டு ஆகாது. இதைச் சொல்லிச் சொல்லி எனக்கு வாய் வலித்துவிட்டது, பல மெக்கானிக்குகளுக்கு என்மேல் கோபமும் உண்டு.

ஸ்பிரிங்கின் கடினம் என்பது அது ஒரு மில்லிமீட்டர் அமுங்க எத்தனை கிலோ வேண்டும் என்கிற கணக்கு. கம்பி எவ்வளவு தடிமன், சுருள் எவ்வளவு அகலம், மொத்தம் எத்தனை சுற்று, இதிலேயே அது முடிந்துபோனது. மேலே பைப் வைத்தாலும் காசு வைத்தாலும் அந்த எண் மாறாது. ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம், எண்கள் உதாரணத்துக்குத்தான். ஃபோர்க்கின் இரண்டு காலும் சேர்ந்து ஒரு மில்லிமீட்டர் அமுங்க ஒரு கிலோ வேண்டும் என்று வையுங்கள். வண்டியும் நீங்களும் சேர்ந்து முன்பக்கம் 80 கிலோ அழுத்துகிறீர்கள். கம்பெனியில் பூட்டும்போதே ஸ்பிரிங்கை 40 மி.மீ. அமுக்கி வைத்திருக்கிறார்கள், ஆகவே நீங்கள் ஏறி உட்கார்ந்தால் ஃபோர்க் இன்னும் 40 மி.மீ. இறங்கி நிற்கும். இப்போது 25 மி.மீ. பைப் போடுகிறீர்கள். இறக்கம் 40-லிருந்து 15 ஆகும், வண்டியின் மூக்கு 25 மி.மீ. தூக்கும், அவ்வளவுதான் நடந்தது. பிரேக் பிடித்ததில் 30 கிலோ கூடுதலாக முன்னால் வந்து சாய்ந்தால் முன்பும் 30 மி.மீ. இறங்கியது, இனியும் 30 தான் இறங்கும். கும்பிடு அதே கும்பிடு, கொஞ்சம் உயரத்திலிருந்து போடும்.

அப்படியானால் பைப்பே வீண் என்று அர்த்தமில்லை. வண்டி சரியான உயரத்தில் நிற்க அது வேண்டும். எவ்வளவு வேண்டும் என்பதை அளந்துதான் சொல்ல முடியும், அதற்கு ஒரு டேப்பும் கூட ஒரு ஆளும் போதும். டபுள் ஸ்டாண்ட் போட்டு, வால் பக்கத்தை ஒருவரை அழுத்தச் சொல்லி முன் சக்கரத்தை அந்தரத்தில் நிறுத்துங்கள். வீல் ஆக்ஸிலின் நடுவிலிருந்து ஃபோர்க்கைப் பிடித்திருக்கும் கீழ் கிளாம்ப் வரை அளந்து எழுதுங்கள். பிறகு வண்டியைத் தரையில் இறக்கி, நீங்கள் ஹெல்மெட்டோடு, வழக்கமாக உட்காருவது போல உட்கார்ந்து, மனைவியையும் உட்கார வைத்து, அந்த ஆளை அதே இரண்டு புள்ளிகளுக்கு நடுவே மறுபடி அளக்கச் சொல்லுங்கள். ஒரு சின்ன நுணுக்கம் உண்டு: ஆயிலை அடைத்து நிற்கும் ரப்பர் சீலின் உராய்வால் ஃபோர்க் ஒரே இடத்தில் வந்து நிற்காது. முன்பக்கத்தை அமுக்கி மெதுவாக விட்டு ஒரு அளவு, தூக்கி மெதுவாக விட்டு ஒரு அளவு எடுத்து, இரண்டின் சராசரியை வைத்துக்கொள்ளுங்கள். முதல் அளவிலிருந்து அதைக் கழித்தால் வருவதுதான் வண்டியின் தாழ்வு.

உங்கள் கிளாசிக்கின் முன் ஃபோர்க் மொத்தமாக ஓடும் தூரம் 130 மி.மீ. அதில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்கு வரை, அதாவது 33 முதல் 43 வரை தாழ்வு இருந்தால் நல்லது. 55 வந்தால் 12 மி.மீ. பைப் போடுங்கள், 25 வேண்டாம். பைப் போட்டு தாழ்வைச் சரிசெய்த பிறகு நீங்கள் இறங்கி, வண்டி மட்டும் தன் எடையில் எவ்வளவு தாழ்கிறது என்று ஒரு தடவை பாருங்கள். அது பத்து மில்லிமீட்டர்கூட இல்லாமல், அந்தரத்தில் நின்ற நீளத்திலேயே விறைத்துக்கொண்டு நின்றால், ஸ்பிரிங் உங்கள் எடைக்கு மெலிது, அதை மேலே அமுக்கிச் சமாளித்துக்கொண்டிருக்கிறீர்கள் என்று பொருள். அப்போதுதான் தடித்த ஸ்பிரிங் வாங்கும் பேச்சு.

ஆயிலைப் பற்றி இங்கே ஒரு வரி. கெட்டியான ஆயில் ஊற்றினால் கும்பிடு மெதுவாக விழும், குறையாது. எவ்வளவு தூரம் குனிவது என்பது ஸ்பிரிங்கும் உள்ளே அடைபட்ட காற்றும் முடிவு செய்வது, எவ்வளவு வேகமாகக் குனிவது என்பதுதான் ஆயிலின் வேலை. அப்புறம், பிரேக் பிடித்தால் கொஞ்சம் குனியத்தான் செய்யும், குனியவும் வேண்டும். எடை முன் டயருக்கு வந்தால்தான் டயர் ரோட்டைப் பிடிக்கும்.

பைப் போடுவதென்றால் தடித்த பிவிசி பைப்பை இரண்டு முனையும் சாய்வில்லாமல் வெட்டி, மேலும் கீழும் வாஷர் வைத்துப் போடச் சொல்லுங்கள். இரண்டு காலிலும் ஒரே நீளம். மேல் மூடியைக் கழற்றும்போது முகத்தை நேராக வைக்க வேண்டாம், கடைசிப் புரியில் அது அம்பு மாதிரி கிளம்பும். என் பட்டறைக் கூரையில் இன்னும் ஒரு ஓட்டை இருக்கிறது.

கேள்வி: ஃபோர்க் ஆயிலுக்குப் பதிலாக எஞ்சின் ஆயில் ஊற்றினால் என்ன? இரண்டும் ஆயில்தானே? கருங்கல்லில் எல்லாரும் 20டபிள்யூ40 தான் ஊற்றுகிறார்கள். (‘சிக்கனக்காரன்’, கருங்கல்)

பதில்: அக்கானியும் கருப்பட்டிப் பாகும் ஒரே பனையிலிருந்துதான் வருகின்றன. ஒன்றைக் குடிக்கலாம், மற்றதைக் கரண்டியில் வழிக்க வேண்டும்.

நாற்பது டிகிரி சூட்டில் வைத்து அளந்தால் எஞ்சின் ஆயில், பத்தாம் நம்பர் ஃபோர்க் ஆயிலைவிட மூன்று நான்கு மடங்கு கெட்டி. உள்ளே இருப்பது சின்னச் சின்ன ஓட்டைகள், அவற்றின் வழியாக ஆயில் பிதுங்கிப் போவதில்தான் ஷாக்கின் வேலையே நடக்கிறது. கெட்டி ஆயில் அந்த ஓட்டையில் நேரத்துக்குப் போய் வராது. ஒரு பள்ளத்தில் அமுங்கிய ஃபோர்க் மேலே திரும்பி வருவதற்குள் அடுத்த பள்ளம் வந்துவிடும், அதில் இன்னும் கொஞ்சம் இறங்கும், மூன்றாவது பள்ளத்தில் இறங்க இடமே இருக்காது. ஓட்டுகிறவருக்கு ‘ஷாக் ஹார்டு’ என்று தோன்றும். உண்மையில் ஷாக் அடியில் போய் உட்கார்ந்திருக்கிறது.

எப்படித் தெரியும் என்றால், நானே செய்திருக்கிறேன். 1998 வாக்கில் என்னிடம் ஒரு பழைய ஆர்எக்ஸ் 100 இருந்தது. முன்பக்கம் தளர்வாக இருக்கிறதே என்று மிச்சமிருந்த 20டபிள்யூ50-ஐ ஊற்றினேன், அதுவும் ‘நாலு சொட்டு கூட இருக்கட்டும்’ என்று அளக்காமல். திங்கள்சந்தையிலிருந்து குளச்சல் போவதற்குள் இரண்டு கையும் மரத்துப்போய், பிரேக் லீவரைத் தொட்டேனா இல்லையா என்றே தெரியவில்லை. திரும்பும்போது இரணியல் தாண்டி ஒரு பள்ளத்தில் வலது பக்க சீல் பிய்த்துக்கொண்டு, ஆயில் என் பேன்ட்டில் முட்டி வரை. கூடுதலாக ஊற்றிய ஆயில் காற்றுக்கு இடமில்லாமல் செய்துவிட்டது. அமுங்க இடமில்லாத காற்று சீலைத்தான் தள்ளும்.

எஞ்சின் ஆயிலில் அழுக்கைக் கரைக்கும் மருந்து வேறு கலந்திருக்கிறது. ஃபோர்க்குக்குள் அந்த வேலையே இல்லை, அங்கே வேண்டியது நுரைக்காமல் இருக்கும் ஆயில். நுரைத்த ஆயில் ஓட்டையில் காற்றாகவே போய்விடும், ஷாக் வேலையே செய்யாது. ஃபோர்க் ஆயிலிலும் ஒரு கம்பெனியின் பத்தாம் நம்பர் இன்னொரு கம்பெனியின் பத்தாம் நம்பர் போல இருக்காது, ஆகவே ஒரு பிராண்டில் தொடங்கினால் அதிலேயே நில்லுங்கள். எவ்வளவு ஊற்றுவது என்று வண்டியின் மேனுவலில் இருக்கிறது. மெடிக்கலில் பெரிய ஊசிக் குழாய் ஒன்று வாங்கி அளந்து ஊற்றுங்கள். அதைவிடச் சரியான முறை, ஸ்பிரிங்கை வெளியே எடுத்து, ஃபோர்க்கை முழுவதும் அமுக்கி, ஃபோர்க் பைப்பின் வாயிலிருந்து ஆயில் மட்டம் வரை அளப்பது. இரண்டு காலும் ஒரே மட்டத்தில் நிற்க வேண்டும். பழைய ஆயிலை ஒரு வெள்ளைக் கிண்ணத்தில் வடித்துப் பாருங்கள், மீன் கழுவிய தண்ணீர் மாதிரி சாம்பல் நிறத்தில் வரும், நாற்றமும் ஏறக்குறைய அதுதான். அதைப் பார்த்தவர் மறுபடி மூன்று வருஷம் விட மாட்டார்.

கேள்வி: அண்ணே, காலையில் துறைமுகத்தில் மீன் எடுத்து தக்கலை வரை கொண்டு போய் விற்கிறேன். பல்சர் 150. ஒரே வருஷத்தில் மூன்று தடவை முன் ஆயில் சீல் மாற்றியாச்சு, மறுபடி ஒழுகுகிறது. டூப்ளிகேட் சீல் போட்டு ஏமாற்றுகிறார்களா? (பெயர் வேண்டாம் என்றவர், குளச்சல்)

பதில்: சீலைத் திட்டாதீர்கள், அது பாவம். ஃபோர்க் பைப்பைத் தடவிப் பாருங்கள்.

வண்டியைக் கழுவித் துடைத்துவிட்டு, பளபளக்கிற குரோம் பைப்பில் சீலுக்கு மேலே நகத்தை மேலிருந்து கீழாக மெதுவாக இழுத்துப் பாருங்கள். முன்பக்கம், இரண்டு பக்கம், அப்புறம் மறக்காமல் பின்பக்கமும். எங்கேயாவது நகம் ‘டிக்’ என்று மாட்டும். கண்ணுக்கு அது கடுகில் பாதி அளவுக் கறுப்புப் புள்ளிதான், ஆனால் உப்புக் காற்று குரோமைத் தின்று போட்ட குழி அது, ஓரம் பிளேடு மாதிரி இருக்கும். ஒவ்வொரு பள்ளத்துக்கும் அந்த ஓரம் சீலின் உதட்டில் ஒரு தடவை உரசுகிறது. குளச்சலிலிருந்து தக்கலைக்குள் எத்தனை பள்ளம் என்று உங்களுக்குத்தான் தெரியும். அசல் சீல் போட்டாலும் அதே கதிதான், ஒரு மாதம் கூடுதலாகத் தாங்கும், அவ்வளவுதான்.

குழி எந்த இடத்தில் இருக்கிறது என்பது முக்கியம். பைப்பில் சீலை ஒட்டி ஒரு பிளாஸ்டிக் டை கட்டிவிட்டு இரண்டு நாள் வழக்கம் போல ஓட்டுங்கள். சீல் அந்த டையை மேலே தள்ளிக்கொண்டு போய், எட்டிய உச்சத்தில் விட்டுவிட்டு வரும். டைக்கு மேலே துரு இருந்தால் கவலை வேண்டாம், சீல் அங்கே போவதில்லை. டைக்குக் கீழே இருந்தால் வைத்தியம் வேண்டும். ஒன்றிரண்டு சின்னக் குழி என்றால் ஆயிரம், இரண்டாயிரம் நம்பர் வாட்டர் பேப்பரை ஆயிலில் நனைத்து ஓரத்தை மட்டும் மழுக்கி, குழிக்குள் அரால்டைட் வைத்து, காய்ந்ததும் பைப் மட்டத்துக்குத் தேய்த்துவிடலாம். அது ஒரு சீசனுக்கு ஓடும். நாலைந்து குழிக்கு மேல் போனால் பைப்பை மாற்றுவதுதான் வழி, நான்காவது சீலுக்குச் செலவழிக்கிற கூலியை இதில் போடுங்கள்.

பைப்பில் குழியே இல்லை என்றால் சீல் கிழிந்திருக்க வேண்டும் என்றும் இல்லை. மணல் ஒரு பொட்டு உதட்டில் மாட்டினாலே ஒழுகும். வீட்டில் பழைய எக்ஸ்ரே பிலிம் இருக்கும், அதை ஒரு விரல் அகலத்துக்கு வெட்டி, முனையில் சின்னக் கொக்கி மாதிரி செதுக்கி, மேலே இருக்கும் டஸ்ட் சீலை நெம்பித் தூக்கிவிட்டு, பைப்புக்கும் ஆயில் சீலுக்கும் நடுவே நுழைத்து ஒரு சுற்றுச் சுற்றி எடுங்கள். கறுப்பாக வரும். ஃபோர்க்கை நாலு தடவை அமுக்கிவிட்டுத் துடைத்துப் பாருங்கள். பல தடவை அதோடு நின்றுவிடும், காசு செலவில்லை.

வண்டியைக் கடலைப் பார்த்து நிறுத்தாமல் வாலைக் கடல் பக்கம் திருப்பி நிறுத்துங்கள். வீட்டுக்கு வந்ததும் நல்ல தண்ணீரில் பைப்பை மட்டுமாவது கழுவி, ஆயில் தொட்ட துணியால் ஒரு இழுப்பு. கிரீஸ் தடவ வேண்டாம், மணல் அதில் குடியிருக்கும். சிலர் பைப்பைச் சுற்றி ரப்பர் பூட்ஸ், அதாவது மடிப்பு உறை, மாட்டச் சொல்வார்கள். தூசிக்கு அது நல்லது, ஆனால் கடற்கரையில் உள்ளே போன உப்புத் தண்ணீர் வெளியே வராமல் ஊறிக்கொண்டு கிடக்கும். மாட்டினால் மாதம் ஒரு தடவை தூக்கிப் பார்க்க வேண்டும், பார்ப்பீர்களா?

கடைசியாக ஒன்று, ஆனால் முதலில் செய்ய வேண்டியது. ஆயில் ஒழுகி டிஸ்க் பக்கம் போயிருக்கிறதா பாருங்கள். பிரேக் பேடில் ஆயில் ஊறியிருந்தால் தேய்த்து, சுட்டு, வெயிலில் வைத்து என்று வித்தை காட்ட வேண்டாம், புது பேட் போடுங்கள். பின்னால் பெட்டி நிறைய மீனோடு போகிறவர் நீங்கள்.

கேள்வி: நான் கிராம சுகாதார செவிலியர். குலசேகரத்திலிருந்து பேச்சிப்பாறை பக்கம் எஸ்டேட் வழியாக வேலைக்குப் போகிறேன். ஹிமாலயன் 411, செகண்ட் ஹாண்ட். எனக்கு எடை 51 கிலோ. இந்த வண்டி மலைக்கே செய்தது என்றார்கள், எனக்கோ மணிக்கட்டு வலி தாங்கவில்லை. ஷாக்கை சாஃப்ட் ஆக்க முடியுமா அண்ணா? (ஒரு வாசகி, குலசேகரம்)

பதில்: முடியும் தங்கச்சி, ஆனால் ஷாக்கைத் தொடுமுன் டயர் காற்றைப் பார்த்துவிடுங்கள். பெட்ரோல் பங்கில் கேட்காமலே எல்லா வண்டிக்கும் ஒரே அளவு ஏற்றிவிடுகிற பழக்கம் இருக்கிறது. கல் ரோட்டில் கூடுதல் காற்று என்பது இன்னொரு ஹார்டு ஷாக். வண்டியில் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அதற்குக் கொண்டுவந்து ஒரு வாரம் ஓட்டுங்கள்.

அடுத்து, செகண்ட் ஹாண்ட் என்றீர்களே, அதுதான் எனக்கு உறுத்துகிறது. முன் வீலை யாராவது பஞ்சருக்குக் கழற்றி அவசரத்தில் மாட்டியிருந்தால் இரண்டு ஃபோர்க் காலும் ஒன்றுக்கொன்று இணையாக நிற்காமல் லேசாக நெருக்கிக்கொண்டு நிற்கும். அப்போது பைப் உள்ளே சிக்கிச் சிக்கித்தான் இறங்கும். பெரிய பள்ளம் தெரியாது, சின்னச் சின்னக் கல்லெல்லாம் நேரே கையில் வந்து அடிக்கும், நீங்கள் சொல்வதும் அதுதான். மெக்கானிக்கிடம் ஆக்ஸில் நட்டை இறுக்கிவிட்டு, அதைக் கவ்வும் சின்ன போல்ட்டை மட்டும் லூசாக விட்டு, முன் பிரேக்கைப் பிடித்தபடி ஃபோர்க்கை ஐந்தாறு தடவை நன்றாக அமுக்கிவிட்டு, அதன் பிறகு அந்தச் சின்ன போல்ட்டை இறுக்கச் சொல்லுங்கள். ஐந்து நிமிஷ வேலை. இதில் தீராத வலிக்குத்தான் மேற்கொண்டு போக வேண்டும்.

மேலே குழித்துறைக்காரருக்குச் சொன்ன அதே டேப் அளவை நீங்களும் எடுங்கள். உங்கள் ஃபோர்க்கின் ஓட்டம் 200 மி.மீ., ஆகவே 50 முதல் 65 வரை தாழ வேண்டும். 51 கிலோவுக்கு 40 கூட வராது என்றுதான் நினைக்கிறேன். அப்படியானால் உள்ளே ஸ்பிரிங் மேல் இருக்கும் பைப்பைக் கொஞ்சம் குட்டையாக்கலாம், 10 மி.மீ. போதும், கால் தரையில் பதிவதும் எளிதாகும். கூடவே ஆயிலை மாற்றுங்கள். பழைய சொந்தக்காரர் என்ன ஊற்றினாரோ, அந்தப் பாகை எடுத்து வெளியே கொட்டினாலே பாதி வலி போய்விடும்.

கேள்வி: 2016 ஆக்டிவாவில் முன் ஷாக் கடகடக்கிறது. புது ஆக்டிவாவின் டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை இதில் மாட்டலாமா? (ஒரு வாசகர், வெட்டூர்ணிமடம்)

பதில்: வேண்டாம். 110 சிசி ஆக்டிவாவுக்கு டெலஸ்கோப்பிக், அதாவது குழாய்க்குள் குழாய் இறங்கும் ஃபோர்க், வந்தது 2020-ல் 6ஜி மாடலோடு. உங்களுடையது கீழே லிங்க் வைத்த பழைய முறை, அதில் கடகடப்பது பெரும்பாலும் லிங்க்கின் புஷ்தான். புஷ்ஷையும் இரண்டு ஷாக்கையும் மாற்றுங்கள், முடிந்தது.

கேள்வி: மக்கள் பார்க்கட்டும் என்று பல்சர் 220-ல் ஃபோர்க்கை கிளாம்புக்குள் மேலே 25 மி.மீ. தூக்கி முன்பக்கத்தைத் தாழ்த்தினேன். ஊருக்குள் வண்டி நன்றாக வளைகிறது. தோவாளையிலிருந்து வள்ளியூர் போகும்போது முப்பந்தல் காற்றில் 80-ல் ஹேண்டில் தன்னால் ஆடுகிறது. கோன் செட் போய்விட்டதா? (‘220’, தோவாளை)

பதில்: மக்கள் பார்த்தார்களா?

கோன் செட்டும், அதாவது ஹேண்டில் கழுத்தில் இருக்கும் பேரிங்கும், போயிருக்கலாம், அதைப் பற்றிக் கீழே சொல்கிறேன், ஆனால் முதல் குற்றவாளி அந்த 25 மி.மீ. முன்பக்கம் தாழ்ந்தால் ஃபோர்க் சாய்ந்து நிற்கும் கோணம் செங்குத்தாகிவிடும். சக்கரம் தன்னால் நேராக வந்து நிற்கிற குணம் அந்தச் சாய்வில்தான் இருக்கிறது. சாய்வு குறைந்தால் வண்டி சட்டென்று திரும்பும், சட்டென்று ஆடவும் செய்யும். ஊருக்குள் நீங்கள் ரசித்ததும் ஆரல்வாய்மொழியில் பயந்ததும் ஒன்றேதான். அந்தக் கணவாயில் ஆடிக்காற்று மேற்கிலிருந்து பிதுங்கி வருவதால்தான் அங்கே அத்தனை காற்றாலை நட்டிருக்கிறார்கள், லாரியையே ஓரம் தள்ளுகிற காற்று உங்கள் முன் சக்கரத்தை விடுமா?

ஆட்டத்தைவிட எனக்குப் பயம் வேறொன்று. முன்பக்கம் 25 மி.மீ. தாழ்ந்தால், ஃபோர்க் முழுவதும் அமுங்கும்போது மட்கார்டோ டயரோ கீழ் கிளாம்பிலோ ஃபேரிங்கிலோ முட்டலாம். முட்டினால் சக்கரம் அங்கேயே நிற்கும், நீங்கள் நிற்க மாட்டீர்கள். இன்றைக்கே பழைய இடத்துக்குக் கொண்டுபோய், இரண்டு காலும் மேல் கிளாம்புக்கு மேலே ஒரே அளவு நீட்டிக்கொண்டிருக்கிறதா என்று டேப் வைத்துப் பாருங்கள். அப்புறமும் ஆசை விடவில்லை என்றால் ஐந்து மில்லிமீட்டர் மட்டும் தூக்கி ஒரு மாதம் ஓட்டுங்கள். காற்றில் போகும்போது ஹேண்டிலை முறுக்கிப் பிடிக்கவும் வேண்டாம், உங்கள் கையின் நடுக்கத்தையே வண்டிக்குக் கொடுப்பீர்கள்.

கேள்வி: மெதுவாகப் போய் முன் பிரேக் பிடித்தால் ‘டக்’ என்று ஒரு சத்தம். ஷாக் மாற்ற வேண்டும் என்று சொல்லிவிட்டார்கள். மாற்றித்தான் ஆக வேண்டுமா? (ஒரு வாசகர், திங்கள்சந்தை)

பதில்: டபுள் ஸ்டாண்ட் போட்டு, பின்னால் ஒருவரை உட்கார வைத்து, முன் சக்கரத்துக்கு எதிரே குந்தி உட்கார்ந்து, இரண்டு ஃபோர்க்கின் அடியையும் பிடித்து உங்களைப் பார்த்து இழுத்துத் தள்ளுங்கள். ஹேண்டில் கழுத்தில் ஆட்டம் தெரிந்தால் கோன் செட். கழுத்து அசையாமல், பைப்பும் கீழ்க் கூடும் சேருகிற இடத்தில் ஆட்டம் தெரிந்தால் ஃபோர்க் புஷ் தேய்ந்துவிட்டது. அடுத்து ஹேண்டிலை ஒரு விரலால் மெதுவாக இடமும் வலமும் திருப்பிப் பாருங்கள், நேர் நடுவில் வந்ததும் ஒரு பள்ளத்தில் விழுந்தது போல மாட்டினால் கோன் செட்டின் இரும்புக் குண்டுகள் குழி போட்டுவிட்டன. அதை இறுக்கிப் பயனில்லை, மாற்றத்தான் வேண்டும். மாற்றும்போது உங்கள் வண்டிக்குக் கிடைக்குமானால் டேப்பர் ரோலர் பேரிங் போடுங்கள், நம்ம ரோட்டுக்கு அது நிற்கும். கோன் செட்தான் காரணம் என்றால் இதில் ஷாக்குக்கு எந்தப் பங்கும் இல்லை.

கேள்வி: அப்பாவின் பல்சர் 150-க்கு செகண்ட் ஹாண்ட் யுஎஸ்டி ஃபோர்க் மாட்டித் தருகிறேன் என்கிறார் ஒருவர். லுக் வேற லெவல். அப்பா உங்களிடம் கேட்கச் சொன்னார். (கல்லூரி மாணவர், நாகர்கோவில்)

பதில்: அப்பா கெட்டிக்காரர்.

மக்கா, யுஎஸ்டி, அதாவது தலைகீழாகத் திருப்பி வைத்த ஃபோர்க், நல்ல பொருள்தான், இல்லை என்று சொல்ல மாட்டேன். தடித்த பைப் மேலே இருப்பதால் பிரேக் பிடிக்கும்போது ஃபோர்க் அவ்வளவாக வளையாது. ஆனால் அதை அந்த வண்டியின் எடைக்கும், கழுத்துக் கோணத்துக்கும், சக்கரத்துக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டுச் செய்திருக்கிறார்கள். அதை இன்னொரு வண்டிக்கு மாட்டினால் கழுத்துத் தண்டின் நீளம் ஒத்துவராது, லேத்தில் வெட்டி வெல்டு வைப்பார்கள். வண்டியிலேயே வெல்டு வைக்கக் கூடாத இடம் ஒன்று உண்டென்றால் அது அதுதான். ஆக்ஸில், டிஸ்க், கேலிபர், ஸ்பீடோமீட்டர் எல்லாம் மாற்ற வேண்டும். 2019 ஏப்ரலுக்குப் பிறகு வந்த வண்டி என்றால் ஏபிஎஸ் சென்சாரும் சேரும். யுஎஸ்டியில் சீல் கீழ்ப்பக்கம் இருப்பதால் ஒழுக ஆரம்பித்தால் நேராக பிரேக் மேல்தான் சொட்டும். அந்த செகண்ட் ஹாண்ட் ஃபோர்க் எந்த விபத்திலிருந்து கழற்றியது என்றும் அவரைக் கேட்டுப் பாருங்கள்.

இத்தனைக்கும் மேலே, மோட்டார் வாகனச் சட்டம் 1988-ன் 52-ஆம் பிரிவு இருக்கிறது. ஆர்சி புத்தகத்தில் கம்பெனி சொன்னபடி பதிவான விவரங்களுக்கு மாறாக வண்டியை மாற்றக் கூடாது. களியக்காவிளை தாண்டிப் பத்து கிலோமீட்டர் போனால் கேரளக்காரர்கள் இதை எவ்வளவு கண்டிப்பாகப் பார்க்கிறார்கள் என்று தெரிந்துவிடும். விபத்து என்று வந்தால் இன்சூரன்ஸ்காரர் முதலில் தேடுவதும் இதைத்தான். அந்தக் காசில் இரண்டு நல்ல டயர் போட்டு, ஆயில், சீல், புஷ் மாற்றி, அப்பாவிடம் வண்டியை ஓட்டக் கொடுங்கள்.

கேள்வி: இன்டர்செப்டர் 650 வைத்திருக்கிறேன். நீங்கள் எல்லாவற்றுக்கும் ‘வேண்டாம்’ என்றே எழுதுகிறீர்கள். உண்மையிலேயே மேம்படுத்த நினைப்பவன், காசும் சேர்த்துவைத்திருக்கிறேன், என்ன வரிசையில் செய்வது? (ஒரு வாசகர், பார்வதிபுரம்)

பதில்: குட்டு வாங்கிக்கொள்கிறேன். உங்கள் வண்டிக்குச் செய்யலாம், செய்தால் தெரியும்.

உங்கள் ஃபோர்க்கில் உள்ளே இருப்பது ஒரு தண்டு, அதில் அளவு மாறாத சில ஓட்டைகள். ஆயில் அடைத்த டெலஸ்கோப்பிக் ஃபோர்க்கை 1935-ல் பிஎம்டபிள்யூ தன் ஆர்12-ல் விற்பனைக்குக் கொண்டுவந்தது, அடிப்படை அன்றிலிருந்து பெரிதாக மாறவில்லை. அளவு மாறாத ஓட்டையில் ஒரு வில்லங்கம் இருக்கிறது. ஆயில் இரண்டு மடங்கு வேகத்தில் போக வேண்டும் என்றால் தடை இரண்டு மடங்கு ஆகாது, ஏறக்குறைய நான்கு மடங்கு ஆகும். அதனால் பிரேக் பிடித்து மெதுவாகக் குனியும்போது தடையே இருக்காது, கூர்மையான குழியில் சக்கரம் சட்டென்று மேலே வரும்போது ஆயில் கல்லாகிவிடும். மெதுவானதற்குத் தளர்வு, வேகமானதற்கு விறைப்பு, நமக்கு வேண்டியதற்கு நேர் தலைகீழ். கெட்டி ஆயில் ஊற்றினால் முதலாவது சரியாகி இரண்டாவது கெடும், மெல்லிய ஆயிலில் இரண்டாவது சரியாகி முதலாவது கெடும்.

இதற்குத்தான் எமுலேட்டர் என்று ஒரு வால்வு வருகிறது. தண்டின் தலையில் வைத்து ஸ்பிரிங்கால் அமுக்கிப் பூட்டுவார்கள். சின்ன ஸ்பிரிங்கில் நிற்கும் தட்டு அது, மெதுவாகக் குனியும்போது மூடியே இருந்து தாங்கும், சட்டென்று அடி வந்தால் திறந்து ஆயிலை வழிய விடும். பழைய தண்டின் ஓட்டைகள் இடைஞ்சலாக இல்லாதபடி அவற்றைப் பெரிதாகத் துளைக்க வேண்டும், துளைத்தால் திரும்பப் பழைய நிலைக்கு வர முடியாது. ஆகவே ஸ்பேர் தண்டு இரண்டு வாங்கி அவற்றைத் துளையுங்கள், அசலைத் துணியில் சுற்றி அலமாரியில் வையுங்கள். ஃபோர்க் திரும்பி மேலே வரும் வேகத்தை இந்த வால்வு கட்டுப்படுத்தாது, அது ஆயிலின் கெட்டியைப் பொறுத்தது, அதையும் நினைவில் வைத்துக்கொண்டு ஆயிலைத் தேர்ந்தெடுங்கள்.

ஆனால் எமுலேட்டர் மூன்றாவது. முதலில் ஃபோர்க்கைப் பிரித்து பைப் நேராக இருக்கிறதா என்று கண்ணாடி மேல் உருட்டிப் பார்த்து, சீல், புஷ், ஆயில் மாற்றுங்கள். அப்போதே தாழ்வையும் அளங்கள். உங்களுக்கு ஓட்டம் 110 மி.மீ.தான், அதில் 30, 35-க்கு மேல் தாழ விடாதீர்கள். இரண்டாவதாக, உங்கள் எடைக்கு ஏற்ற, ஒரே சீரான சுருள் கொண்ட ஸ்பிரிங். இந்த இரண்டையும் செய்துவிட்டு ஒரு மாதம் ஓட்டுங்கள், அந்த மாதத்தில் பலர் எமுலேட்டர் ஆசையை விட்டுவிடுகிறார்கள். நீங்கள் விடவில்லை என்றால் வாங்குங்கள்.

ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். ஆயில் மட்டம் எத்தனை, பைப் நீளம் எத்தனை, என்ன நம்பர் ஆயில், என்ன தேதி, எல்லாவற்றையும் ஒரு நோட்டில் எழுதி, அந்த நோட்டை சீட்டுக்கு அடியில் வையுங்கள். எழுதாதவர்கள்தான் மூன்று மாதம் கழித்து எனக்கு, ‘முன்னாடி நல்லா இருந்தது, இப்ப என்னவோ மாதிரி இருக்கு’ என்று கடிதம் போடுகிறார்கள்.